சுடாத கிண்ணம்

1

இந்தக் கதை ஒரு வெற்று ஆணியிலிருந்து பிறந்தது. ஹட்டனில் ஒரு கண்காட்சி. சுவர் முழுக்க வெள்ளைப் பீங்கான் கிண்ணங்கள், வாயை நம் பக்கம் திருப்பி மாட்டியவை. ஒவ்வொன்றும் தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் கை குழித்தது. விரல் தடங்கள் அப்படியே இருந்தன. நடுவில் ஓர் ஆணி மட்டும் சும்மா நின்றது.

"அது எங்கம்மாவோடது. சூளையில சுடுறதுக்கு முந்தி அப்பா அதுல சாயத்தண்ணி ஊத்திட்டாரு" என்றாள் கலைஞர் சுலக்ஷனா. சற்றுத் தள்ளி நின்ற அப்பாவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். (சாயத்தண்ணி என்றால் பாலில்லாத தேநீர்.) மீதியெல்லாம் என் கற்பனை. திட்டுவதென்றால் என்னைத் திட்டுங்கள்.

2

'டிக்கோயா மலைகளை மூடுபனி மெல்லத் தழுவி…'

வேண்டாம். மலையகம் என்றால் உடனே பனியை இழுத்துவந்து போர்த்திவிடுகிறோம்.

ஆனால் சனியன், அது இல்லாமல் இந்தக் கதை நகராது. ஈரக்காற்றில் பீங்கான் மண் லேசில் காயாது. காயாததைச் சூளையில் வைத்தால் வெடிக்கும். அதனால் அம்மா வேலாயி குழித்த கிண்ணத்தை, தோட்டத்து லயத்தின் ஒற்றையறைக் காம்பிராவில் அடுப்புக்கு மேலிருந்த பலகையில் வைத்தாள் சுலக்ஷனா. அது காய்வதற்குள் வேலாயி நெஞ்சுவலியில் போய்விட்டாள்.

(காய்ந்த பிறகும் மகள் சுடவில்லை. சுட்டால் பீங்கான் சுருங்கும். அம்மாவின் விரல் சிறுத்துப்போகுமே என்று தள்ளிப்போட்டாள். உலகத்தில் அந்த விரல் தடம் வேறெங்கும் இல்லை.)

3

அப்பா அழகன்தான் எனக்குச் சிக்கல். முதலில் அவரைக் குடிகாரராக எழுதினேன். தோட்டத்து ஆண் என்றால் பேனா தானாக அங்கே போகிறது. எழுதியதை அடித்துவிட்டேன்.

இந்த அழகன், காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குக் கிளம்பும் மனைவிக்கு விடியலில் சாயத்தண்ணி போட்டுக் கொடுத்தவர். அவள் போன பிறகு படத்துக்கு முன்னால் வைக்கிறார். அவள் கைபட்ட கிண்ணம் இருக்க, டம்ளர் எதற்கு என்று ஒரு காலையில் தோன்றிவிட்டது. சுடாத மண் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? வெள்ளையாக இருந்தால் கோப்பைதானே.*

* இங்கே நான் எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்தபோதும் அவர் ஊற்றிக்கொண்டுதான் இருந்தார்.

4

சுலக்ஷனா வாசலுக்கு வருகிறாள்.

"புள்ள, ஓடியா! ஒங்கம்மா குடிக்கிறா!"

மண் சாயத்தை உறிஞ்சுகிறது. மட்டம் இறங்குகிறது.

"இத்தன நாளும் வச்சது வச்சபடியே ஆறிக் கெடக்கும். இன்னக்கித்தான் வாய் வச்சிருக்கா. பாரு, பாரு!"

சிரிக்கிறார், அழுகிறார். கிண்ணத்தின் ஒரு பக்கம் இளகிச் சரிகிறது. கண்ணீரில் அவருக்கு அது தெரியவில்லை. மறுபக்கத்தில் வேலாயியின் பெருவிரல் இன்னும் இருக்கிறது.

"இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டா?"

5

முடிவு ஒன்று: "ஊத்தாதீங்கப்பா!" என்று கத்துகிறாள். பெருவிரல் தப்பிக்கிறது. ஆனால் அழகன் இனி ஒவ்வொரு விடியலிலும் தன் கையைப் பார்த்து

முடிவு இரண்டு: "ஊத்துங்கப்பா" என்கிறாள். அவருக்கு மனைவி கிடைக்கிறாள். மகளுக்கு

இரண்டையும் முடிக்க என்னால் ஆகவில்லை. வெற்று ஆணியைக் காட்டி இரண்டாவதுதான் என்பீர்கள். முதலாவதிலும் ஆணி வெறுமைதான்: பாதிக் கிண்ணத்தை மாட்ட யாருக்கு மனம் வரும்?

நான் விலகிக்கொள்கிறேன். வாசலில் இப்போது நீங்கள்தான் நிற்கிறீர்கள். அவர் கையில் தேநீர்க் கேத்தல் சரிந்தபடி இருக்கிறது. அழகன் உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்கிறார்:

"ஊத்தட்டா?"