சத்தம் போடுகிற ஷூ

மகள் ஆதிராவுக்கு முதல் பிறந்தநாள் வருகிறது, ஷூ வாங்க வேண்டும் என்று ஹரிதா நச்சரித்து, கணவன் பிரதீஷை நாகர்கோவில் கடைக்கு இழுத்து வந்திருந்தாள். வங்கியில் அரைநாள் லீவு போட்டுவிட்டு, ஆதிராவை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"பிள்ள நடக்குமா அக்கா?" என்று கேட்டாள் கடைப்பெண்.

"இல்ல, பிடிச்சிட்டு நிப்பா, அவ்வளவுதான். மொத நடைய நான் பாக்கணும்னு காத்துக் கிடக்கேன். வேலைக்குப் போறவளுக்கு அந்தக் கொடுப்பின உண்டோ என்னவோ."

பிரதீஷ் சுவரில் தொங்கிய பள்ளிக்கூட பெல்ட்டுகளை மும்முரமாகப் பார்க்க ஆரம்பித்தான். ஆதிரா நடந்தாயிற்று. போன செவ்வாய்க்கிழமையே நடந்தாயிற்று. அது அவனுக்குத் தெரியும், பக்கத்து வீட்டுப் பகவதியம்மாளுக்குத் தெரியும், பெற்ற தாய்க்கு மட்டும் தெரியாது.

ஆள் ஒன்றும் கெட்டவனில்லை. மேட்ச் என்றால் காது அடைத்துப்போகிற ரகம். அன்று பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வரும் அக்காவுக்குக் காய்ச்சல் என்பதால் அவன்தான் வீட்டில் இருந்தான். புறவாசல் கதவைச் சும்மா சாத்திவிட்டுப் போனில் கிரிக்கெட் பார்க்க உட்கார்ந்தான். தோட்டம் முடிகிற இடத்தில் பாசனச் சானல். அணை திறந்துவிட்டிருந்த நேரம், வாய்க்கால் முட்டத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. பகவதியம்மாள் ஈரக்கையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்ற பிறகுதான் அவன் தலையே நிமிர்ந்தது.

"மக்கா, இது தன்னால நடந்து வந்து படித்துறையில நிக்குது. நான் துணி அலசிட்டு நின்னதுனால கண்டேன். இல்லன்னா என்ன ஆயிருக்கும்?"

ஹரிதாவிடம் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சினான். "நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்லு" என்றுவிட்டு அவள் போய்விட்டாள். பிள்ளையின் உள்ளங்காலெல்லாம் கரைச்சேறு. ஹரிதா வருவதற்குள் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினான். ஆதிராவுக்குக் கூச்சம் தாங்கவில்லை, கெக்கெக்கே என்று சிரித்தாள். அன்று சாயங்காலமே கதவுக்குப் புதுக் கொண்டித் தாழ்ப்பாள் வாங்கிப் போட்டான். ஹரிதா அதைப் பார்த்துவிட்டு, "நான் சொல்லாமலே செஞ்சிட்டியளே" என்று மெச்சியதுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமை.

கடைப்பெண் இரண்டு ஜோடி கொண்டுவந்து வைத்தாள். ஒன்று வெள்ளைத் துணி ஷூ, பூப்போல மெத்தென்று இருந்தது. இன்னொன்று சிவப்பு. அடியை அமுக்கினால் கீச் கீச் என்று கத்தியது.

"வெள்ள போதும்" என்றாள் ஹரிதா.

"செவப்ப எடுப்போம்."

"சவம், அந்தச் சத்தம் கேட்டா எனக்குத் தலவலி வரும். நடக்காத பிள்ளைக்கு என்னத்துக்குச் சத்தம்?"

"எங்க நிக்கான்னு நமக்குத் தெரியும்லா."

"அதுக்குத்தானே நாம இருக்கோம். நாம பாக்காமலா விட்டிருவோம்?"

பிரதீஷுக்கு முகம் வெந்துபோயிற்று. சிவப்பு ஷூவை எடுத்து மகள் காலில் தானே மாட்டி, தரையில் நிறுத்தினான். ஆதிரா அம்மாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு கால் தூக்கி வைத்தாள். கீச். குனிந்து பார்த்தாள். மறுபடி வைத்தாள். கீச். பிடித்துப்போயிற்று போலும், கையை விட்டுவிட்டு வாசலைப் பார்த்துக் கிளம்பிவிட்டாள்.

"நடக்கா, பாருங்க, நடக்கா" என்று ஹரிதா பைக்குள் போனைத் துழாவினாள்.

பிரதீஷ் பார்த்தது மகளை இல்லை, வாசலுக்கு வெளியே ஓடிய பஸ்ஸை. அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகளைத் தட்டிவிட்டு ஓடி, பிள்ளையை வாரி நெஞ்சோடு இறுக்கிக்கொண்டான். அவள் வீறிட்டு அழுதாள். கண்ணாடிக் கதவு நன்றாகச் சாத்தித்தான் இருந்தது. கடையே அவனைப் பார்த்தது.

"என்னத்துக்கு இப்படி ஓடுனிய? கதவு அடச்சுத்தானே இருக்கு" என்றாள் ஹரிதா. கோபம் நிலைக்கவில்லை, கண் நிறைந்து, முகமெல்லாம் சிரிப்பு. "பரவால்ல. மொத நடைய ரெண்டு பேருமா சேர்ந்து பாத்தோம்லா. எனக்கு அது போதும்."

அதை மட்டும் அவள் சொல்லாமல் இருந்திருந்தால், அவன் இன்னும் கொஞ்ச நாள் மென்று விழுங்கியிருப்பான்.

"இது மொத நட இல்ல, ஹரிதா."

சொல்லிவிட்டான். செவ்வாய்க்கிழமை, மேட்ச், சும்மா சாத்திய கதவு, படித்துறை, பகவதியம்மாள், காலைக் கழுவியது, எல்லாவற்றையும் தாழ்ந்த குரலில், அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னான். கடைப்பெண் சிதறிய பெட்டிகளை அடுக்குகிற சாக்கில் தள்ளிப் போய்விட்டாள்.

ஹரிதா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"புதுக் கொண்டி போட்டது அதுக்காக்குமா?"

அவன் தலையசைத்தான்.

அவள் எழுந்து வந்து பிள்ளையை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். எடுத்து வைத்திருந்த வெள்ளை ஷூவை ஓரமாக ஒதுக்கினாள். கழற்றிப் போட்டிருந்த தன் செருப்பை மாட்ட அவள் தடுமாறியபோது, பிள்ளையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று பிரதீஷ் கையை நீட்டினான். அவள் தரவில்லை. சிவப்பு ஷூவின் அடியை விரலால் ஒருமுறை அமுக்கிச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, கடைப்பெண்ணைக் கூப்பிட்டாள்.

"இதவிடச் சத்தமா உள்ளது உண்டா?"