நாலாவது வரி

ஆங்கில வாக்கியங்களுக்குத் தலை சீவிவிடுவதுதான் என் பிழைப்பு. ஒரு பத்திரிகையில் பிழை திருத்துகிறேன். ஒரே வரிசையில் மூன்று விஷயம் வந்தால் மூன்றும் ஒரே சாயலில் இருக்க வேண்டும். முதலாவது 'இங்' என்று முடிந்தால் கடைசியும் 'இங்' என்றே முடிய வேண்டும். ஒன்று மட்டும் முறைத்துக்கொண்டு நின்றால் எனக்குச் சோறு இறங்காது.

போன மாதம் தங்கை ஒரு கடிதத்தோடு வந்தாள். முதியோர் இல்லத்தில் ஆள் எடுக்கிறார்கள், ஆங்கிலத்தில் எழுதித் தர வேண்டுமாம். தையல் வேலை போய் நாலு மாதம். இதைத்தான் மலைபோல நம்பியிருந்தாள்.

"நானே எழுதிட்டேன்க்கா. தப்பு இருந்தா மட்டும் பாரு."

தப்பை மட்டும் பார்க்கிற ஆளா நான்? தூக்கி உட்காரவைப்பது, குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது என்று தனக்குத் தெரிந்ததை எழுதியிருந்தாள். மூன்றையும் 'இங்'கில் நிறுத்தினேன். நாலாவதாக, அதே வாக்கியத்தில், 'அப்பா சாகும்போது அவர் கையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன்' என்று இருந்தது. அது வரிசைக்கு வரவில்லை. அடித்துவிட்டேன். அவள் வாசித்துப் பார்த்தாள், மடித்து எடுத்துப் போனாள்.

வேலை கிடைக்கவில்லை. நேற்று அவள் சமையலறையில் நின்றுகொண்டு என்ன நடந்தது என்று கேட்டேன்.

"வந்தவங்க எல்லாரும் இதையேதான் எழுதியிருக்காங்களாம். உங்களுக்குன்னு சொல்ல ஒண்ணும் இல்லையான்னு கேட்டாங்க. நீ அடிச்சதைச் சொல்லலாமா கூடாதான்னு தெரியல. பேசாம இருந்துட்டேன்."

"அது அந்த வாக்கியத்துல ஒட்டலடி."

சொல்லும்போதே நாக்கு கூசியது. ஒரு முற்றுப்புள்ளி வைத்து அதைத் தனி வாக்கியமாக்கியிருக்கலாம். கத்துக்குட்டிக்கும் தெரிகிற வேலை அது. அப்பாவுக்கு முடியவில்லை என்று அன்றைக்கு இவள் மூன்று முறை போன் செய்தாள். பக்கத்தை முடித்துவிட்டு வருகிறேன் என்று அலுவலகத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்த வரியைப் படித்ததும் நெஞ்சு சுட்டது, அடித்தேன். பழியை இலக்கணத்தின் தலையில் போட்டுவிட்டேன்.

எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அவள் அடுப்பை அணைத்தாள்.

"நான் இருந்தேன்னுதானேக்கா எழுதினேன். நீ இல்லைன்னு எழுதலையே."