அப்பாவின் வேகம்

அப்பா கண்டக்டர், பிள்ளை டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் என்று கேள்விப்பட்டவர்கள் எல்லாம், "அப்போ பஸ் எங்கே?" என்றுதான் சிரிப்பார்கள். அவனும் கூடவே சிரித்து வைப்பான். அப்பா நின்றது பஸ் படிக்கட்டில் அல்ல, பெரிய இசைக்குழுவின் முன்னால், கையில் ஒரு சின்னக் கோலுடன் என்று விளக்கப்போனால், "அப்புறம் நீங்க ஏன் சார் இங்கே கிளட்ச் மிதிக்கச் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருக்கீங்க?" என்று அடுத்த கேள்வி வரும். அதற்குச் சிரித்துவிட்டுப் போவதே மேல்.

அந்தக் கேள்விக்குப் பதில் ஒரு இசைத்தட்டு. அவன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது அப்பாவின் குழு வாசித்துப் பதிவானது. அதன் கடைசிப் பகுதியை அந்த வேகத்தில் உலகத்தில் யாருமே வாசித்ததில்லை என்று பத்திரிகைகள் எழுதின. "புயல்" என்று பட்டம் கட்டின. அதற்குப் பிறகு அப்பா எதை நடத்தினாலும் புயலாகத்தான் நடத்தினார்.

வளர்ந்து அதே குழுவில் செல்லோ என்கிற பெரிய வயலின் வாசிக்கச் சேர்ந்தான். ஒத்திகையில் அப்பா அந்தத் தட்டைப் போட்டுக் காட்டுவார். "இது நாமதானே வாசிச்சோம்? இப்ப மட்டும் ஏன் கை வரமாட்டேங்குது?" அன்றைக்கு அந்தப் பதிவில் வாசித்த பெரியவர்களே திருதிருவென்று விழிப்பார்கள். "அப்போ வயசு அப்படி" என்று தலையைச் சொறிவார்கள். தங்கள் ஞாபகத்தைவிடத் தட்டைத்தான் நம்பினார்கள், பாவம். ஒருவருக்கும் கை எட்டவில்லை. ஆனால் மற்றவர்களைத் திட்டினால் தொழிற்சங்கத்துக்குப் போவார்கள். பெற்ற பிள்ளை எங்கே போவான்? ஒரு நாள் எல்லார் முன்னாலும் கோலை நீட்டி, "கையாலாகாதவனுக்கு என் குழுவுல இடமில்ல. எழுந்து போ" என்றார். எழுந்து போனான். செல்லோவை விற்றுப் பழைய கார் ஒன்று வாங்கினான். அதற்குப் பிறகு நாள் முழுக்க, பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம் "மெதுவா, மெதுவா" என்று சொல்வதே பிழைப்பாகிவிட்டது.

அப்பாவும் அதே கடைசிப் பகுதியை நடத்திக்கொண்டிருந்தபோதுதான் மேடையில் சரிந்து விழுந்து இறந்தார். அதையும் பத்திரிகைகள் புகழ்ந்தே எழுதின.

இப்போது ஒரு கம்பெனி அப்பாவின் பதிவுகளை எல்லாம் சேர்த்து ஒரே பெட்டியாக வெளியிடப்போகிறது. கையெழுத்துப் போட அக்காவையும் அவனையும் கூப்பிட்டிருந்தார்கள். அப்பாவின் பெயரைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றி வந்தவள் அக்கா. முன்னுரையும் அவளேதான். புயல், புயல் என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதி, தட்டச்சு செய்த தாள்களைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். அந்தத் தட்டைக் கேட்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பலாம் என்றுதான் அவன் வந்தான்.

சுவரெல்லாம் பஞ்சு அடைத்த சின்ன அறை. பழைய டேப்புகளைச் சுத்தம் செய்யும் சவுண்ட் இன்ஜினியர் அம்மாள் ஆறிப்போன டீயை ஒதுக்கி வைத்துவிட்டு, தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள்.

"கையெழுத்து அப்புறம் போட்டுக்கலாம் சார். எனக்கு ஒரு சந்தேகம். தட்டுல இல்லாத சத்தமெல்லாம் ஒரிஜினல் டேப்புல இருக்கு. முதல்ல எல்லாரும் சுருதி சேர்க்கறாங்க. அந்தச் சுருதி இருக்க வேண்டிய இடத்துல இல்ல, ரொம்ப மேல நிக்குது."

"அப்பா அந்தக் காலத்துல ஏத்திக் கட்டச் சொல்வார். அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்றாள் அக்கா.

அவனுக்கும் தெரியும். அந்தத் தட்டோடு சேர்ந்து பழகுவதற்காகச் செல்லோவை முறுக்கி முறுக்கி, ஒருநாள் தந்தி அறுந்து கன்னத்தில் கோடு போட்டிருக்கிறது.

"வாத்தியத்தை ஏத்திக் கட்டலாம் மேடம். மனுஷன் குரலை எப்படி ஏத்திக் கட்டறது?" என்று சொல்லிவிட்டு அவள் டேப்பை ஓடவிட்டாள்.

"எல்லாரும் ரெடியா? ம், போலாம்." கீச்சென்று, எங்கேயோ ரயிலைப் பிடிக்க ஓடுகிறவன் குரல்.

"சின்ன வயசுல அப்பா குரல் இப்படித்தான் இருந்திருக்கும்" என்றாள் அக்கா. சொல்லும்போதே அவளுக்கு நம்பிக்கை இல்லை.

"டேப் ஓட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கிறேன். அப்பான்னு தோணற இடத்துல சொல்லுங்க."

குமிழைத் திருகினாள். எல்லாரும் ரெடியா. இன்னும் திருகினாள். எல்லாரும் ரெடியா.

"நிறுத்துங்க!" அக்காவும் தம்பியும் ஒரே மூச்சில் கத்தினார்கள்.

அப்பாவேதான். காலையில் குளியலறையிலிருந்து துண்டு கேட்கும் அதே குரல். ஒத்திகையில் உட்கார்வதுபோல அவனுக்கு முதுகு தானாக நிமிர்ந்துவிட்டது.

"நினைச்சேன்" என்றாள் இன்ஜினியர். "பதிவு பண்ணின மெஷினோட மோட்டார் மக்கர் பண்ணியிருக்கு சார். டேப் மெதுவா ஓடியிருக்கு. மெதுவா ஓடினதைச் சரியான மெஷின்ல போட்டா எல்லாமே வேகமாயிடும். குரல், சுருதி, பாட்டு, எல்லாம். தட்டுல இருக்கற வேகத்துல உங்க அப்பா நடத்தவே இல்ல. யாருமே வாசிக்கல."

அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது தலையில் இடி விழுந்தமாதிரி இருந்தது. "போடுங்க" என்றான். "அந்தக் கடைசிப் பகுதியைப் போடுங்க."

போட்டாள். புயலும் இல்லை, ஒன்றும் இல்லை. போகிற இடம் தெரிந்த மனிதன் எட்டிப் போட்டு நடக்கிற நடை. அவனுடைய இடது கை விரல்கள் முழங்காலின் மேல் தாமாக ஓடத் தொடங்கின. ஒரு சுரம்கூடத் தப்பவில்லை. செல்லோவைத் தொட்டுப் பல வருஷமான விரல்கள், காரின் கியரைத் தவிர எதையும் பிடிக்காத விரல்கள், ஒவ்வொரு இடத்துக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அவனுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பாழாய்ப்போன ஒரு மோட்டார்! அதைத் துரத்திக்கொண்டு ஓடித்தான் அப்பா செத்தார். அது எட்டவில்லை என்றுதான் அவனைத் துரத்தினார். இதை இனி யாரிடம் போய்ச் சொல்வது? சட்டையைப் பிடித்து உலுக்குவதற்குக்கூட ஆள் இல்லையே.

அக்காவின் முகம் வெளுத்திருந்தது. "இது வெளியில போகக்கூடாதும்மா" என்றாள். "பழையபடியே போடுங்க. அப்பா பேரு என்னத்துக்கு ஆகும்? ஜனங்க கேட்டு ரசிச்சது அதைத்தானே?"

பாட்டு முடிந்திருந்தது. டேப் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலிகள் நகரும் சத்தம், யாரோ இருமும் சத்தம். பிறகு மைக்குக்குப் பக்கத்தில், மூச்சு வாங்கியபடி, அப்பா.

"என்னப்பா, கடைசியில ரொம்ப ஓட்டிட்டேனோ?"

"இல்ல சார், நல்லா இருந்துச்சு" என்றது தூரத்தில் ஒரு குரல்.

"இல்லப்பா, ஓட்டிட்டேன். அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் நிதானமா எடுக்கணும்."

அதோடு டேப் தீர்ந்து, சக்கரம் வெறுமனே சுற்றியது. யாரும் அதை நிறுத்தவில்லை. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு தம்பி பக்கம் திரும்பினாள்.

"டேய்... அன்னிக்கு உன்னை எழுந்து போகச் சொன்னாரே. நீ இந்த வேகத்துலதான் வாசிச்சியா?"

முழங்காலில் இன்னும் ஓடிக்கொண்டிருந்த விரல்களை மறு கையால் அழுத்திப் பிடித்தான்.

"இல்லக்கா" என்றான். "இதைவிடக் கொஞ்சம் வேகமா."

அக்கா முன்னுரைத் தாள்களை எடுத்து மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டாள்.