புறா பறக்கவிட்ட இடம்

வாயை மூடிக்கொண்டு உட்காருவது அம்சாவுக்குப் புதிதா என்ன? ஆனால் அதையே ஒரு சட்டமாக்கி, வட்டமாக நாற்காலி போட்டு, நடுவில் உட்காரவைத்துச் செய்வார்கள் என்று மாமல்லபுரம் வந்த பிறகுதான் தெரிந்தது. சிறுகதை முகாமின் விதி அது. கதையைப் படித்தவர் அப்புறம் மூச்சு விடக்கூடாது, மற்றவர்கள் பேசுவார்கள். கடைசியில் முகாமை நடத்தும் உலகநாதன் தீர்ப்புச் சொல்வார். நாவலாசிரியர், பத்திரிகை நடத்தியவர். அவர் தலையசைத்தால் கதை தொகுப்பில் சேரும், ஜனவரியில் சென்னைப் புத்தகக் கண்காட்சியில் விற்பனைக்கு நிற்கும்.

செங்கல்பட்டில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுக்கும் அம்சா, வகுப்பு முடிந்ததும் அங்கேயே கதை அடித்துப் பத்திரிகைகளுக்கு அனுப்புவாள். அத்தனையும் சுவரில் எறிந்த பந்து மாதிரி திரும்பி வந்துவிடும். ஒன்றாவது அச்சில் வரவேண்டும், அதைக் கொண்டுபோய் மாமியார் வீட்டு டிவி மேல் வைக்கவேண்டும் என்று ஒரு வெறி. அதற்காகத்தான் புருஷனிடம் கெஞ்சிக் கூத்தாடி வந்திருந்தாள். இரண்டு நாள் முகாம், பிள்ளையை மாமியார் பார்த்துக்கொள்வாள். ராத்திரி தங்கக்கூடாது என்ற நிபந்தனையோடு ராஜாராம் விட்டிருந்தான். காலையில் ஒரு பதிப்பாளர், எழுத்தாளருக்குத் தரவேண்டிய ராயல்டி என்ற சொல்லை ஏதோ கெட்ட வார்த்தை போலக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். அதைக்கூட விடாமல் குறித்துக்கொண்டாள்.

மத்தியானம் அவள் முறை. கல்யாண மண்டபத்தில் ஊரே பார்க்க ஒருத்தியைப் புருஷன் அறைகிறான். அவள் அழவில்லை. பந்தியில் உட்கார்ந்து பாயசம் வரை சாப்பிட்டு, கை கழுவிக்கொண்டு, மின்சார ரயில் ஏறிப் போய்விடுகிறாள். திரும்பி வரவே இல்லை. அவ்வளவுதான் கதை.

"ஒரே ஒரு அறைக்கா?" என்று ஆரம்பித்தார் அணுபுரத்திலிருந்து வந்திருந்த ஒருவர். "குடிகாரன்னு ஒரு வரி சேத்துடுங்க, நியாயமா இருக்கும்." இன்னொருவர் மூன்று அறையாக்கச் சொன்னார். மற்றொருவருக்கு அதுவும் போதவில்லை. ஏலம் மாதிரி ஏறிக்கொண்டே போயிற்று. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் மார்கரெட் மட்டும், "எனக்கு அந்தப் பாயசம் புடிச்சிருந்திச்சி" என்றாள்.

உலகநாதன் கண்ணாடியைக் கழற்றினார். "நல்லா எழுதறீங்கம்மா. ஆனா முடிவை நம்ப முடியல. நம்ம பக்கத்துப் பொண்ணு ஒரு அறைக்கு வீட்டை விட்டுப் போவாளா? அவளுக்கு ஒரு குழந்தை இருக்கட்டும், அதுக்கு ஜுரம்னு சேதி வரட்டும். அவ ஓடி வரட்டும். படிக்கிறவன் கண்ணுல தண்ணி வந்துடும். அப்படி மாத்திக் குடுத்தீங்கன்னா தொகுப்புல மொதக் கதை உங்களுது."

முதல் கதை. வெட்கங்கெட்ட மனசு அதற்குள் புத்தகத்தைப் பிரித்தே பார்த்துவிட்டது. போதாததற்கு, அவர் சொன்னது உண்மையும்கூட. அந்த அறையை வாங்கியவள் அம்சாதான். எங்கே போனாள்? கொழுந்தன் கல்யாணத்தில், தாம்பூலத் தட்டு வர நேரமானதற்கு ராஜாராம் கூட்டாளிகள் முன்னால் கத்த, "அவ்ளோ அவசரம்னா நீங்களே எடுத்துக்கினு வாங்க" என்று சொல்லிவிட்டாள். பளாரென்று விழுந்தது. வீடியோக்காரன் விளக்கு நேராக அவள் முகத்தில். அதற்கப்புறம் அவள் செய்ததெல்லாம் பந்திக்கு அப்பளம் போட்டதுதான்.

ஒரு மாசம் கழித்துக் கல்யாண வீடியோ கேசட் வந்தது. வீடே டிவி முன்னால் உட்கார்ந்தது. அந்த இடம் வரப்போகிறது, வரப்போகிறது என்று அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். திரையில் ராஜாராம் கை மேலே போனது. உடனே இரண்டு மூலையிலிருந்தும் இரண்டு வெள்ளைப் புறாக்கள் பறந்து வந்து, நடுவில் ஒரு இதயம் விரிந்து, அதற்குள் பெண்ணும் மாப்பிள்ளையும் சிரித்தார்கள். "எம்மா சோக்கா கீது பாரு" என்றாள் மாமியார். அறையே விழவில்லை என்று அந்த வீடு முடிவு கட்டிவிட்டது. அம்சாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள்தான் இந்தக் கதையை அடிக்க உட்கார்ந்தாள்.

"என்னம்மா, மாத்திடலாமா? இப்ப நீங்க பேசலாம்" என்றார் உலகநாதன்.

அவள் தலையை நிமிர்த்தினால், வாசலில் ராஜாராம் நிற்கிறான். மறைமலைநகர் கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறவன், ஷிப்டை இறக்கிவிட்டு அவளைக் கூட்டிப்போக வந்திருந்தான். எஞ்சினைக்கூட நிறுத்தவில்லை. இருந்தும் எழுந்தாள்.

"சார், நான் அடி வாங்கன எடத்துல வீடியோக்காரன் ரெண்டு புறாவ பறக்க வுட்டான். நீங்க கொழந்தைக்கு ஜொரம் வர வெக்கிறீங்க. ஒரு பொண்ணு போவ மாட்டாளுன்றீங்களே, வாஸ்தவம் சார். நான் போவல. அதுக்குத்தான் அவள அனுப்பிச்சேன். அவளத் திருப்பிக் கூப்ட மாட்டேன்."

உலகநாதன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"அப்ப தொகுப்புல சேக்க முடியாதேம்மா."

"வேணாம் சார்."

சொல்லிவிட்டாளே தவிர, முதல் கதை கையை விட்டுப் போனது உறுத்திற்று. கண்ணும் கலங்கிற்று, அதை மறைப்பானேன். காகிதங்களை வாங்கி மடித்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"நம்ம வூட்டு விசயத்த இத்தினி பேர் நடுவுல படிச்சியா?" என்றான் ராஜாராம். குரல் உயரவில்லை. அதுதான் பயம்.

"படிச்சேன்."

"ஏறு. வூட்ல பேசிக்கலாம்."

"நாளைக்கும் முகாம் கீது. மார்கரெட்டக்கா ரூம்ல ஒரு கட்டில் காலியா கீதாம். நீங்க போங்க."

"இன்னா? புள்ள தேடுவான்."

"தேடுனா தூக்கி வெச்சிக்கங்க. ஒருநாள் நீங்க சோறு ஊட்டுங்க."

அவன் கை லேசாக எழுந்தது. அம்சா முகத்தைத் திருப்பவில்லை. அவன் அவளுக்குப் பின்னால் பார்த்தான். கூடத்திலிருந்த அத்தனை நாற்காலிகளும் வாசல் பக்கம் திரும்பியிருந்தன. கை இறங்கி, தானாகவே சட்டைப் பையில் எதையோ தேடிற்று.

அவள் உள்ளே வந்தாள். அடுத்தவர் கதையைத் தொடங்கித் தடுமாறிக்கொண்டிருந்தார். வெளியே வேன் உறுமிக்கொண்டே நின்றது. கிளம்பவும் இல்லை, அணையவும் இல்லை. அம்சா நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சத்தமாப் படிங்க சார், கேக்கல" என்றாள்.