முள்ளுச் சப்பாத்துத் தடம்

"சத்தமா வாசியுங்கோ. என்ர காதிலையும் விழட்டும்," என்றாள் சிவநாயகி.

குலேந்திரன் தன் வேலை வான் வண்டியின் கதவில் சாய்ந்து நின்றபடி கடிதத்தை இரண்டாம் தடவையாகப் பிரித்தார். நோர்வேயின் எல்லிங்ஸ்ருட்டில் காட்டை ஒட்டி நிற்கும் நாற்பத்தொரு வரிசை வீடுகளின் நிர்வாகக் குழு அனுப்பிய கடிதம் அது. எல்லா வீட்டுத் தபால்பெட்டிக்கும் போனதில் ஒரு பிரதி, மரியாதைக்கு அவருக்கும் வந்திருந்தது.

"'வேலிக்குப் பின்னால் நகரசபைக் காட்டில் நிற்கும் பைன் மரத்தின் தலையை யாரோ அனுமதியின்றி வெட்டியிருக்கிறார்கள். விசாரணை முடியும்வரை மரம் பராமரிக்கும் குலேந்திரனை யாரும் வேலைக்கு அழைக்க வேண்டாம்.'"

"பாத்தீங்களே? வெட்டினது 'யாரோ'வாம். கூப்பிடக்கூடாதது குலேந்திரனையாம். வெட்டினவனுக்குப் பேரில்லை, வெட்டாதவருக்குப் பேர் இருக்கு!"

"கத்தாதையும். விசாரிக்கட்டும். விசாரிச்சால் தெரியவரும்தானே."

"எப்ப தெரியவரும்? இலையெல்லாம் கொட்டினாப் பிறகோ? அதுக்கிடையிலை பக்கத்து வரிசைக்காரரும் கேள்விப்பட்டு எங்களை விட்டிடுவினம். நீங்கள் வீட்டிலை இருந்து சன்னலாலை மரத்தைப் பாத்துக்கொண்டு இருங்கோ."

குலேந்திரன் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். வாயைத் திறந்தால் மனைவி இன்னும் இரண்டு சொல் கூடுதலாகச் சொல்வாள் என்பது பதினெட்டு வருடக் குடித்தனத்தில் அவர் கற்றுக்கொண்டது.

அந்த வரிசையின் மரங்களை அவர் பார்க்கத் தொடங்கி ஆறு வருடம். பாறையை உடைத்து, காட்டை வெட்டி ஒதுக்கிக் கட்டிய வீடுகள். உள்ளே ஒன்றோடொன்று நெருங்கி வளர்ந்த மரங்கள் திடீரென்று காட்டின் ஓரத்துக்கு வந்து காற்றுக்கு முகம் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு பக்கத்தில் நாலு கிளையைக் கூடுதலாக எடுத்தால் அடுத்த புயலில் மரம் கூரைக்கு வந்துவிடும். எதை எடுப்பது, எதை விடுவது என்று குலேந்திரன் கீழே நின்று அரை மணி நேரம் அண்ணாந்து பார்ப்பார். பிறகு இடுப்புப் பட்டியைக் கட்டிக்கொண்டு கயிற்றில் ஏறுவார். அவர் அறுக்கும் கிளையைக் கயிற்றில் கட்டிப் பூப்போல இறக்குவது சிவநாயகி. "விடும்" என்றால் விடுவாள், "பிடியும்" என்றால் பிடிப்பாள். தரையில் நிற்கிறபோது அவள் சொல்வதுதான் நடக்கும்.

அந்தப் பைன் யாருடைய கண்ணுக்கு இடைஞ்சலாக இருந்தது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். மூன்று கிழமைக்கு முன், கடைசி வீட்டுக் கோபாலகிருஷ்ணன் வேலியடிக்கே வந்து கூப்பிட்டார். தமிழ்நாட்டுக்காரர், கணினி நிறுவனத்தில் வேலை.

"அண்ணே, நம்ம ஆளுங்கன்னு உரிமையோட கேக்கறேன். அந்தப் பைன் மரத்தோட டாப்பை மட்டும் எடுத்துவிட்டுடுங்களேன். டிஷ்ஷுக்கு சிக்னலே வரமாட்டேங்குது. மாமியார் மூணு மாசம் இருக்க வந்திருக்காங்க. சீரியல் இல்லாம வீடே ரெண்டுபடுது."

"அது உங்கட மரமில்லைத் தம்பி. வேலிக்கு அங்காலை நகரசபைக் காடு."

"யாரு பாக்கப் போறாங்க? உள்ள ஆயிரம் மரம் நிக்குது."

"தலையை வெட்டின பைன் பிறகு ஒழுங்கா வராது. வெட்டின வாயாலை தண்ணி இறங்கி உக்கும். பத்து வருசத்திலை உங்கட கூரையிலைதான் வந்து படுக்கும். நீங்கள் டிஷ்ஷைக் கழட்டிக் கூரையின்ர மற்றப் பக்கத் தொங்கலிலை பூட்டுங்கோ. அங்கை வானம் வெளியாத்தான் கிடக்கு."

"நம்மாளுக்கு நம்மாளே இதுகூடச் செய்யலைன்னா எப்படிண்ணே?"

வீட்டுக்குப் போகும் வழியில் சிவநாயகி சொன்னாள்: "ரெண்டு வருசமா எங்களைக் கண்டால் இங்கிலீசிலை ஒரு 'ஹாய்'. மரம் வெட்ட வேணுமெண்ட உடனை நம்மாளாம்!"

குலேந்திரன் சிரித்தார். விஷயம் அதோடு முடிந்தது என்று இருவரும் நினைத்தார்கள்.

வியாழக்கிழமை நகரசபையின் காட்டதிகாரி மரத்தைப் பார்க்க வருகிறார், நீங்களும் வரலாம் என்று நிர்வாகக் குழுத் தலைவி, தூரில் என்ற நோர்வேஜியப் பெண், தொலைபேசியில் சொன்னார்.

"'வரலாம்' எண்டதென்ன கதை? நாங்கள் வராமல் ஆர் வாறது?" என்று சிவநாயகி வேலைச் சப்பாத்தை மாட்டினாள்.

"நீர் அங்கை வந்து ஒண்டும் கதையாதையும்."

"சரி. நான் மரத்தைத்தான் பாக்க வாறன்."

பைன் மரத்தடியில் அவள் அண்ணாந்து பார்த்தாள். இருபது மீட்டர் மரம். மேல் மூன்றில் ஒரு பங்கைக் காணவில்லை. வெட்டின இடம் மொட்டையாக வெயிலில் மின்னியது. வெட்டி விழுத்திய கொப்புகள் காட்டுக்குள் இழுத்து எறியப்பட்டு, புளூபெரிச் செடிகளை நசுக்கிக்கொண்டு கிடந்தன.

கோபாலகிருஷ்ணன் தன் வீட்டுப் பின்புறப் பலகைத் தளத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருடைய மனைவி வசந்தகுமாரி கதவடியில் நின்றாள். சிவநாயகி இருவரையும் பார்த்தாள். கோபாலகிருஷ்ணன் மரத்தைப் பார்த்தார்.

"மூன்று வீட்டார் பார்த்திருக்கிறார்கள்," என்று தூரில் அதிகாரியிடம் சொன்னார். "இவர் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு இதே மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தாராம். இந்த வீட்டுக்காரரையும் கேட்டேன். உங்கள் ஆள்தானா வெட்டியது என்று. அவர் இல்லை என்று சொல்லவில்லை."

"அண்ணாந்து பார்த்தது உண்மை," என்றார் குலேந்திரன் நோர்வேஜிய மொழியில், மெதுவாக. "பார்த்துவிட்டு, முடியாது என்று சொன்னேன்."

"அப்படித்தான் சொல்வீர்கள்," என்றார் தூரில். குரலில் கோபம்கூட இல்லை. மழை வரும் என்று சொல்வதைப் போலச் சொன்னார்.

சிவநாயகி பல்லைக் கடித்தாள். கணவர் சொன்ன சொல்லைக் காப்பாற்ற, மரத்தைச் சுற்றி நடந்தாள். ஒரு சுற்று. இரண்டாம் சுற்றில் நின்றாள். பட்டை மெல்லிசாகிச் செம்மஞ்சளாக மாறும் உயரத்தில், தண்டின் இரண்டு பக்கமும் ஏணிப் படிபோலச் சின்னச் சின்னத் துளைகள். ஒவ்வொன்றிலிருந்தும் பிசின் வழிந்து வெள்ளையாய்க் காய்ந்திருந்தது.

"இஞ்சேருங்கோ! இஞ்சை வாங்கோ!"

"நான் சொன்னனான் எல்லே, சும்மா—"

"முள்ளுச் சப்பாத்தப்பா! முள்ளுச் சப்பாத்தோடை ஏறியிருக்கிறான்!"

அதிகாரி தாடியைத் தடவிக்கொண்டு வந்து பார்த்தார். "ஆமாம். காலில் இரும்பு முள் கட்டி ஏறியிருக்கிறார்கள்." குலேந்திரன் பக்கம் திரும்பினார். "உங்களிடம் அந்த முள் இருக்கிறதா?"

"இருக்கிறது. வானில்."

தூரில் தலையை ஆட்டினார், தீர்ப்பு வந்துவிட்டதுபோல.

சிவநாயகிக்கு அதற்குமேல் முடியவில்லை. நோர்வேஜிய மொழி அவள் வாயில் எப்போதும் தடுக்கும். அன்றைக்குத் தடுக்கவில்லை.

"சமையல்காரரிடம் கத்தி இருந்தால் ஊரில் நடந்த குத்தெல்லாம் அவர் குத்தியதா? அந்த முள் அடியோடு விழுத்தப்போகும் மரத்துக்கு. உயிரோடு நிற்கப்போகும் மரத்தில் என் கணவர் ஒரு நாளும் முள்ளைப் போட்டதில்லை. போட்டால் ஒவ்வொரு மிதியும் ஒரு காயம். இந்த வரிசையில் அவர் ஏறிய மரம் அறுபது இருக்கும். வாருங்கள், போய்ப் பார்ப்போம். ஒரு மரத்தில், ஒரேயொரு துளை காட்டுங்கள். காட்டினால் பைனை வெட்டியதும் அவர்தான் என்று நானே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்."

"அது அவசியமில்லை," என்றார் தூரில்.

"உங்களுக்கு அவசியமில்லை. எங்களுக்கு அவசியம்."

அதிகாரி ஏற்கனவே நடக்கத் தொடங்கியிருந்தார். இரண்டு வீடு தள்ளி ஒரு பேர்ச் மரம். வெள்ளைப் பட்டையில் கையை வைத்துத் தடவிப் பார்த்தார். அடுத்தது மேப்பிள். அதன் கிளை மூட்டில் பழைய வெட்டுக்களைச் சுற்றிப் பட்டை மோதிரம்போல மூடி வளர்ந்திருந்தது. அதன் விளிம்பை விரலால் சுற்றித் தொட்டுப் பார்த்தார். பிறகு ஒரு ஆப்பிள் மரம், இன்னொரு பேர்ச். ஏழாவது மரத்தில் நிறுத்தினார்.

"பைனை வெட்டியது இந்தக் கை இல்லை," என்றார். "இவர் கிளையை எங்கே அறுக்க வேண்டும் என்று தெரிந்தவர். அங்கே வெட்டியவன் விறகுகூட ஒழுங்காக வெட்டமாட்டான்."

"அப்படியென்றால் யார்?" என்று கேட்டார் தூரில்.

சிவநாயகி கடைசி வீட்டுக்குத் திரும்பி நடந்தாள். பலகைத் தளத்தின் கீழே நின்று, தமிழில் கேட்டாள்.

"தம்பி, நீங்கள் சொல்லுறியளோ, நான் சொல்லட்டோ?"

"அக்கா, சத்தியமா நான் அண்ணன் பேரைச் சொல்லவே இல்லக்கா. அவங்களா நெனச்சிக்கிட்டாங்க."

"நீங்கள் சொல்லேல்லை. அதுதானே நானும் சொல்லுறன். உவ தூரில் கேக்கேக்குள்ளை வாயைத் திறந்து ஒரு 'இல்லை' சொல்லேல்லை!"

"விசா புதுப்பிக்கிற நேரம்க்கா. போலீஸ் கேஸ்னு ஆனா எங்க நெலமை…"

"உங்கட பயத்துக்குப் போர்வையா என்ர மனுசன்ர பேரே கிடைச்சது? நாங்களும் இந்த நாட்டுக்குப் பேப்பர் இல்லாமல் வந்த ஆக்கள்தான். பயமெண்டால் என்னெண்டு எங்களுக்குப் படிப்பிக்காதையுங்கோ. அவர் உங்கட வீட்டுக் கூரைக்காகத்தான் மாட்டனெண்டு சொன்னவர். டிஷ்ஷை எங்கை பூட்டுறதெண்டும் சொல்லித் தந்தவர். அதுக்கு இதுதான் கைமாறோ?"

"விடும், இவ்வளவும் காணும்," என்றார் பின்னால் வந்த குலேந்திரன்.

"காணாது!"

அப்போது வசந்தகுமாரி கதவடியிலிருந்து வெளியே வந்தாள்.

"என்னங்க, சொல்லிடுங்க. அந்தக் கடிதம் வந்ததுலேருந்து எனக்குத் தூக்கமே இல்ல. அண்ணன் வேலை போனா அந்தப் பாவம் நம்மளைத்தான் சேரும். நீங்க சொல்லலைன்னா நான் சொல்லுவேன்."

கோபாலகிருஷ்ணன் படி இறங்கினார். தூரிலுக்கும் அதிகாரிக்கும் முன்னால் நின்று ஆங்கிலத்தில் சொன்னார்: ஒரு கடையின் அறிவிப்புப் பலகையில் கண்ட ஆளைத் தொலைபேசியில் கூப்பிட்டேன், அவன் போன சனிக்கிழமை வந்து வெட்டிவிட்டுப் போனான், இவர் மறுத்துவிட்டார். கடைசி வாக்கியத்தை யாரும் கேட்காமலே மறுபடியும் சொன்னார். இவர் மறுத்துவிட்டார்.

அதிகாரி குறிப்பெடுத்துக்கொண்டார். குலேந்திரன் அவரிடம் மரத்தைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார். கீழ்க்கிளைகளை விட்டால் கொஞ்சக் காலம் தாங்குமா, விழுந்த கொப்புகளை எப்போது அள்ளலாம்.

'வாயை வச்சுக்கொண்டு சும்மா இருக்கச் சொல்லிப்போட்டு, களவா வெட்டின மரத்துக்கு வைத்தியம் கேக்கிறார்,' என்று சிவநாயகிக்கு ஆத்திரத்திலும் ஆச்சரியமாக இருந்தது.

தூரில் கையைத் துடைத்துக்கொண்டார். "நல்லது, தெளிவாகிவிட்டது. திங்கட்கிழமை வழமைபோல வரலாம்."

"கடிதம்?" என்றாள் சிவநாயகி.

"செப்டம்பர் செய்திமடலில் ஒரு சின்னக் குறிப்புப் போடுகிறோம்."

"இது மே மாதம். என் கணவரை அழைக்க வேண்டாம் என்ற கடிதம் ஒரே நாளில் நாற்பத்தொரு வீட்டுக்கும் போனது. அவர் வெட்டவில்லை என்ற கடிதம் வர நாலு மாதமா? பேர் போட்டு எழுதினீர்கள். பேர் போட்டே மன்னிப்புக் கேளுங்கள். இன்றைக்கே. நான் இங்கேயே நிற்கிறேன்."

"இன்றைக்கு எனக்கு நேரம்…"

"எனக்கு நிறைய நேரம் இருக்கிறது. உங்களால்தான் எங்களுக்கு இந்தக் கிழமை வேலையில்லை."

அதிகாரி இருமினார். சிரிப்பை விழுங்கினார்போல இருந்தது. தூரில் சிவந்த முகத்தோடு வீட்டுக்குப் போனார். ஒரு மணித்தியாலத்தில் அச்சடித்த தாள்கட்டோடு வந்தார். சிவநாயகி ஒவ்வொரு வரியாக வாசித்தாள். 'தவறான புரிதல் ஏற்பட்டது' என்று இருந்தது.

"ஏற்படவில்லை. நீங்கள் ஏற்படுத்தினீர்கள்."

தூரில் திரும்பவும் போனார். இரண்டாவது தாள்கட்டில், 'நாங்கள் விசாரிக்காமல் அவர் பெயரை எழுதினோம், அது எங்கள் பிழை, மன்னிப்புக் கேட்கிறோம்' என்று இருந்தது.

வீதியோரம் நாற்பத்தொரு தபால்பெட்டிகளும் ஒரே சட்டத்தில் வரிசையாகப் பூட்டியிருந்தன. சிவநாயகி முதலாவதைத் திறந்தாள். வசந்தகுமாரி ஓடி வந்தாள்.

"அக்கா, பாதி குடுங்க, நான் போடறேன்."

"வேண்டாம் பிள்ளை. நீர் சொன்னது காணும். இது என்ர வேலை."

வானுக்குள் இருந்து குலேந்திரன் தலையை நீட்டினார்.

"முடிஞ்சுதோ? பசிக்குது."

"இன்னும் பதினெட்டு இருக்கு. பசியோடை இருங்கோ," என்றாள் சிவநாயகி. கடிதத்தை நாலாக மடித்து, அடுத்த பெட்டிக்குள் தள்ளினாள்.