பெரட்டில் இல்லாதவள்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் காலைப் பெரட்டு வரிசையில் நிற்காதவருக்கு அன்றைக்கு வேலை கிடையாது. ஆபீஸ் வாசலில் கணக்கு எழுதும் கிராணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். கூப்பிட்டதும் "இருக்கேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். காய்ச்சலோ கல்யாணமோ, குரல் வரவில்லை என்றால் ஆள் இல்லை என்று அர்த்தம். வெள்ளைக்காரன் மூட்டை கட்டிக்கொண்டு போய் எத்தனையோ வருஷம் ஆகியும் இந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. எனக்கும் அதில் பெரிய குறை ஒன்றும் இருந்ததில்லை, என் எட்டு வயது மகள் தலையில் அதே சட்டத்தைக் கொண்டுவந்து போடும் வரைக்கும்.

அந்த மார்ச் மாதப் பள்ளி விடுமுறைக்கு லோஷினி அவள் அப்பா வீட்டுக்குப் போயிருந்தாள். தனேஸும் நானும் பிரிந்தபோது கோர்ட்டில் செய்துகொடுத்த ஏற்பாடு அது. பிள்ளை என்னோடு இருப்பாள், விடுமுறைக்கு அப்பாவிடம் போவாள், அவள் செலவுக்கு அவன் மாதாமாதம் பணம் அனுப்புவான். தனேஸ் கம்போங் ராஜாவில் காய்கறி லோரி வைத்திருக்கிறான். அவனை நல்லவன் என்று என் வாயால் சொல்லமாட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை விடுகிறேன் என்றால் ஞாயிற்றுக்கிழமை தானா ராத்தா பஸ் நிலையத்தில் கொண்டுவந்து விட்டுவிடுவான். லோஷினி முதுகில் பையும் கையில் ஒரு முட்டைக்கோஸுமாக இறங்கி வருவாள்.

அந்த ஞாயிறு வருவதற்குள் நோய்க்குப் பயந்து நாட்டையே பூட்டிவிட்டார்கள். தோட்டத்துக் கேட்டின் குறுக்குக் கம்பியும் விழுந்தது. தேயிலை சாப்பாட்டுச் சாமானில் சேர்த்தியாம், அதனால் வேலை மட்டும் நடக்கலாம், வெளியாள் ஒருத்தரும் உள்ளே வரக்கூடாது. கிராணி மகேன் முகமூடியைத் தாடையில் தொங்கவிட்டுக்கொண்டு எங்கள் வரிசை வீடுகளில் லயன் லயனாகத் தலை எண்ண வந்தான். இந்த லயனிலேயே மூக்கு ஒழுகிக்கொண்டு திரிந்த பையன்தான், கிராணி ஆன பிறகு நாங்கள் ஐயா போட்டுக் கூப்பிடுகிறோம்.

"குமுதாக்கா, வீட்டுல எத்தன பேரு?"

"ரெண்டு பேருங்கய்யா. மக அப்பா வீட்டுக்குப் போயிருக்கா, வந்துருவா."

"வர்றது போறது கணக்கு இல்லக்கா. இன்னிக்கு யாரு இருக்கா?"

"இன்னிக்கு நான் மட்டும்தான்."

ஒன்று என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான். நானும் தலையை ஆட்டிவிட்டு உலையில் அரிசி போடப் போனேன். பெரட்டில் வளர்ந்த புத்தி, வேறு எப்படி ஓடும்.

அன்றைக்குச் சாயங்காலம் தனேஸுக்குப் போன் போட்டேன்.

"ரோட்புளோக் போட்டிருக்கான்லா. போலீஸ் விடமாட்டான். முடிஞ்சதும் கொண்டாந்து விடறேன்."

சரி, நியாயம்தான் என்று பொறுத்துக்கொண்டேன். ஆனால் நாங்கள் கொழுந்து வெட்டும் மேட்டில் நின்றால் தாப்பாவுக்குப் போகும் பெரிய ரோடு தெரியும். தனேஸின் நீல லோரி தினமும் எங்கள் தோட்டத்து முச்சந்தியைத் தாண்டிக் கீழே போனது. முட்டைக்கோஸுக்குப் போலீஸ் வழி விட்டது. தக்காளிக்கு வழி விட்டது. திரிங்காப்பிலிருந்து செவ்வந்திப் பூ கூட போயிற்று. பெற்ற தாயிடம் வர ஒரு பிள்ளைக்கு மட்டும் வழி இல்லை. ஸ்டேஷனுக்குப் போய்க் கடிதம் வாங்கினால் விடுவார்கள் என்று பக்கத்து வீட்டு அம்புரோஸ் அண்ணன் சொன்னார். அதைத் தனேஸிடம் சொன்னேன்.

"அதுக்கெல்லாம் எனக்கு நேரம் இல்ல. இங்க நல்லாத்தான இருக்கா?"

மாதம் முடிந்தது, பணம் வரவில்லை. கேட்டதற்கு, "பிள்ள எங்கிட்ட இருக்கா, சோறு நான் போடறேன், உனக்கு எதுக்குக் காசு?" என்றான். பிள்ளையை நானா அங்கே அடகு வைத்தேன்? அவளுடைய ஸ்கூல் பஸ்காரர் வண்டி ஓடாவிட்டாலும் பாதிக் கட்டணம் கேட்டார். அவளுக்காகத் தவணையில் வாங்கிய கட்டில் இங்கே சும்மா கிடந்தாலும் கடைக்காரன் விடுவானா? கோர்ட்டுக்குப் போகலாம் என்றால் கோர்ட்டே பூட்டிக் கிடந்தது.

லோஷினி முதலில் தினமும் போனில் பேசினாள். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். பிறகு "ம்", "சாப்பிட்டேன்" என்று இரண்டு வார்த்தையில் முடித்துக்கொண்டாள். பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று காளியம்மாவிடம் சொல்லி அழுதேன். காளியம்மா என் மெசின் ஜோடி. லீவில் ஊருக்குப் போன வெளிநாட்டு ஆட்கள் திரும்ப முடியாமல் போகவே, கொழுந்து வெட்டும் மெசினைப் பெண்களிடம் கொடுத்திருந்தார்கள். தேயிலை நிரைக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி, இரண்டு பேரும் பிடித்தால்தான் அது வெட்டும். ஒருத்தி கையை எடுத்தால் இன்னொருத்தி சும்மா நிற்க வேண்டியதுதான்.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள் தனேஸே கூப்பிட்டான்.

"நாளைக்குக் காலையில உங்க கேட்டுல எறக்கி விடறேன். வந்து எடுத்துக்க."

"என்ன திடீர்னு?"

"யாவாரம் படுத்துருச்சு. முட்டக்கோஸ அப்படியே கொட்டிட்டு வர்றோம். இவளுக்கு ஆன்லைன் ஸ்கூலுக்குப் போன் வேணுமாம், டேட்டா வேணுமாம், பக்கத்துல ஒக்காந்து சொல்லிக் குடுக்கணுமாம். யாருக்கு முடியும்? இப்ப எங்கிட்ட காசு கேக்காத, வருமானம் இல்ல."

பிள்ளை அவனிடம் இருந்தபோதும் பணம் கிடையாது, என்னிடம் வரும்போதும் பணம் கிடையாது! இதற்கு வெட்கப்பட வேண்டியவன் அவன், அவனோ பில் கொடுக்கிறவன் போலப் பேசிவிட்டு வைத்தான். போகட்டும், பிள்ளை வருகிறாளே என்று இருந்தது. அவளுக்குப் பிடித்த நெத்திலி சம்பலை அன்றே வதக்கி வைத்தேன்.

மறுநாள் மகேன் கேட்டின் குறுக்குக் கம்பியைத் தூக்கவில்லை.

"அக்கா, இந்தப் பிள்ள நம்ம கணக்குல இல்ல. வெளியாளு."

"என் மகளுங்கய்யா. இந்த லயன்ல பொறந்தவ."

"இருக்கலாம். தல எண்ணுன அன்னிக்கு இல்லையே. பெரட்டுல இல்லாத ஆளுக்கு எப்படி வேல போடறது? அதே மாதிரிதான்."

அதே மாதிரியாம்! எட்டு வயசுப் பிள்ளைக்கு!

கம்பிக்கு அந்தப் பக்கம் நீல லோரி இஞ்சினை அணைக்காமல் நின்றது. தனேஸ் இறங்கவும் இல்லை. ஒரு பையைக் கீழே போட்டான், அவளை இறங்கச் சொன்னான். லோஷினி உயரமாகியிருந்தாள். என்னைப் பார்த்தும் ஓடி வரவில்லை, பையின் வாரைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"லோஷி, என்னடா?"

"நீங்கதான வரவேணாம்னு சொன்னீங்க? அப்பா சொன்னாங்க, அம்மாவுக்கு வேல இருக்காம், நீ அங்க வேணாமாம்னு."

நான் தனேஸைப் பார்த்தேன். அவன் லோரியின் பக்கக் கண்ணாடியைச் சரிசெய்தான். எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகள் அத்தனையும் நாக்கு வரைக்கும் வந்தன, பிள்ளை நிற்கிறாளே என்று விழுங்கினேன்.

"இங்க இருக்க முடியாதுன்னா ஏத்திக்கிட்டுப் போயிடறேன்லா, சீக்கிரம் சொல்லு," என்றான்.

நான் குனிந்து கம்பிக்கு அடியில் நுழைந்தேன்.

"அக்கா! தாண்டிட்டீங்கன்னா ரெண்டு வாரத்துக்கு உள்ள வர முடியாது! வேலயும் கெடையாது!"

"எண்ணிக்க மகேன், ஒன்னு கொறச்சி எண்ணிக்க."

ஐயா என்ற சொல் என் வாயில் வரவில்லை. பிள்ளையைச் சேர்த்துப் பிடித்தேன். முதலில் விறைப்பாக நின்றாள். "அம்மா ஒருநாளும் அப்படிச் சொல்லலடா, தெனமும் அந்த மேட்டுல நின்னு அப்பா லோரியப் பாத்துக்கிட்டே இருந்தேன்," என்றதும் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். லோரி போய்விட்டது. நாங்கள் இரண்டு பேரும் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தோம். மழை தூறியது.

கொஞ்ச நேரத்தில் காளியம்மா மெசினைத் தூக்கிவந்து கேட்டுக்கு உள்பக்கம் இறக்கினாள்.

"கிராணி, எனக்கு ஜோடி இல்ல. அந்தப் பக்கத்த நீங்க புடிக்கிறீங்களா?"

அவளைப் பார்த்து இன்னொரு ஜோடியும் மெசினை இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்தது. பிறகு இன்னொன்று. கொழுந்து முற்றிக்கொண்டிருந்த நேரம், இரண்டு நாள் விட்டால் அந்த மலையே வீண். மகேன் போனைக் காதில் வைத்துக்கொண்டு அங்கும் இங்கும் நடந்தான். மத்தியானம் தோட்டத்து மேனேஜர் துரையின் ஜீப் வந்தது. கேட்டார், யோசித்தார். கடைசியில், பூட்டிக் கிடந்த ஆயாக் கொட்டகையைத் திறந்து கொடுக்கச் சொன்னார். வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற அந்தக் கொட்டகையில் நானும் என் மகளும் இரண்டு வாரம் தனியே இருக்க வேண்டும், அப்புறம் லயனுக்குப் போகலாம், என் வேலையும் இருக்கும். காளியம்மாவுக்கு அதுவரை வேறு ஜோடி கொடுத்தார்கள்.

துரைக்குப் பெரிய மனசு என்று எல்லோரும் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. என் பிள்ளை என் வீட்டுக்கு வருவதற்கு எவன் மனசும் பெரிதாக வேண்டிய அவசியம் இல்லை. கொட்டகைச் சுவரில் பழைய வாத்துப் படங்களுக்கு அடியில் உட்கார்ந்து லோஷினி என் போனில் பாடம் படித்தாள். இருட்டினால், "நீங்க நெசமா வேணாம்னு சொல்லலையே?" என்று கேட்பாள். "சொல்லலடா" என்பேன். மறுநாளும் கேட்பாள். அந்த ஒரு பொய்க்காகத் தனேஸை நான் ஜென்மத்துக்கும் மன்னிக்கமாட்டேன். பணம் வராததைக்கூட ஒருநாள் மறந்துவிடலாம்.

இரண்டு வாரம் முடிந்த மறுநாள் காலை அவளையும் கையில் பிடித்துக்கொண்டு பெரட்டுக்குப் போனேன். பனி இன்னும் விலகவில்லை. மகேன் வரிசையாகப் பெயர் கூப்பிட்டான்.

"காளியம்மா."

"இருக்கேன்."

"குமுதா."

நான் வாயைத் திறக்கவில்லை.

"குமுதா. அக்கா, நீங்கதான். நிக்கிறீங்கள்ல?"

"எங்க வீட்டுல ரெண்டு பேரு. ரெண்டு பேரையும் கூப்புடு."

"பெரட்டுல சின்னப் பிள்ளைங்கள எப்படிக்கா கூப்புடறது?"

"கணக்குல இல்லன்னு சொல்றப்ப மட்டும் எப்படிச் சொன்ன?"

யாரும் நகரவில்லை. காளியம்மா மெசினைக் கையில் எடுக்காமல் நின்றாள். மகேன் ஆபீஸ் பக்கம் திரும்பிப் பார்த்தான், எங்களைப் பார்த்தான். முகமூடியை இறக்கிவிட்டுத் தொண்டையைக் கனைத்தான்.

"லோஷினி."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன்.

"இருக்கேன்!" என்று மலை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

அதற்குப் பிறகுதான் நான் குரல் கொடுத்தேன்.