டிவியில போட்டுப் பார்க்கலாம்

பெயின்டருடைய அம்மா இறந்துபோன செய்தி வந்தபோது அவன் ஃப்ரிட்ஜ் கதவுகளுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தான். சூப்பர்வைசர் சொன்னதை முகமூடியைக் கழற்றாமலே கேட்டான். கேட்டுவிட்டு, கொக்கியில் தொங்கிய மீதிக் கதவுகளையும் அடித்து முடித்தான். பாதியில் நிறுத்தினால் திட்டுத் திட்டாகக் காய்ந்துவிடும். அதற்காக அடித்தானா, வேறு என்ன செய்வதென்று தெரியாமல் அடித்தானா என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது.

லீவு கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். கொடுத்து என்ன? இரண்டு விமானம் மாறி, அப்புறம் பஸ் பிடித்துப் போய் இறங்குவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

"அவ்வளவு நேரம் வைக்க முடியாதுண்ணே," என்று ஃபோனில் தங்கச்சி அழுதாள். "அப்பாகிட்ட கேட்டேன். பெட்டிய மூடறதுக்கு முன்னாடி உனக்கு மட்டும் வீடியோ கால்ல காட்டச் சொல்லிட்டாரு. வேற யாரும் ஒரு போட்டோ கூட எடுக்கக் கூடாதாம். அம்மாவுக்குத்தான் அதெல்லாம் புடிக்காதே."

அது உண்மைதான். கேமராவைக் கண்டால் அம்மாவுக்கு ஆகாது. யாராவது போட்டோ எடுக்க வந்தால் அடுப்பில் ஏதோ தீய்வதாகச் சொல்லிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். வீடியோ காலில் பேசினாலும் ஃபோனைக் காதோடு அழுத்தி வைத்துக்கொள்வாள். "ம்மா, காது மட்டும்தான் தெரியுது, முன்னாடி வை," என்று இவன் கத்துவான். "முன்னாடி வச்சா நீ பேசறது எனக்கு எப்படிடா கேக்கும்?" என்பாள். வருஷக் கணக்காக அவன் பார்த்ததெல்லாம் ஒரு காது, கொஞ்சம் நரைத்த முடி. முழு முகத்தைப் பார்க்க இனிமேல் ஒரே ஒரு வாய்ப்புதான் இருந்தது. அதுவும் மறுநாள் மத்தியானம்.

இந்த ஃபேக்டரியில் கேமரா ஃபோனைக் கேட்டுக்கு உள்ளே விடமாட்டார்கள். குவார்ட்டர்ஸும் கேட்டுக்கு உள்ளேதான் என்பதால் எல்லோரிடமும் பட்டன் ஃபோன்தான். அறைக்கு ஒரு லேப்டாப் வைத்துக்கொள்ளலாம். கேமராவின் மேல் செக்யூரிட்டியே ஒரு ஸ்டிக்கரை ஒட்டி அனுப்புவான். பெயின்டரின் அறையில் நாலு பேர். நாலு பேரும் சேர்ந்து வாங்கிய பழைய லேப்டாப்தான் அவர்களுக்கு சினிமா, கிரிக்கெட், ஊர் எல்லாமே. காலி செய்துகொண்டு போன யாரோ விட்டுப்போன பெரிய டிவி ஒன்று சுவரில் இருந்தது. லேப்டாப்பிலிருந்து ஒரு கேபிளைக் கொண்டுபோய் அதில் சொருகி, கட்டிலில் சாய்ந்துகொண்டு பார்ப்பார்கள்.

மறுநாள் மத்தியானம் நாலு பேரும் லீவு போட்டிருந்தார்கள். ஃபேக்டரி எலக்ட்ரீசியன் குளித்துவிட்டுச் சட்டை மாற்றியிருந்தான். ஸ்டோரில் வேலை பார்க்கும் அண்ணன் அறையைப் பெருக்கி, கட்டிலுக்கடியில் கிடந்த செருப்புகளையெல்லாம் வெளியே வைத்திருந்தார். வாத்தியார் டிவித் திரையை ஈரத்துணியால் துடைத்தான். அவன் வாத்தியார் ஒன்றும் இல்லை, பேக்கிங்கில் அட்டைப்பெட்டி ஒட்டுகிறவன். எதைக் கேட்டாலும் விளக்கம் சொல்வான் என்பதால் அந்தப் பெயர்.

லேப்டாப் மணி அடித்தது. பெயின்டர் எடுத்தான். திரையில் தங்கச்சியின் முகம் வந்தது, வீங்கிப்போய்.

"அண்ணே, தெரியுதா?"

"தெரியுதும்மா."

"இங்க ஒரே கூட்டமா இருக்கு. நீ பேசினாலும் எனக்குக் கேக்காது. நான் பேசாம கையில புடிச்சுக்கிட்டு நிக்கறேன், நீ நல்லாப் பாத்துக்க. என்ன?"

படம் திரும்பியது. வீட்டு முன்னறை. பிளாஸ்டிக் நாற்காலிகள், பெரியப்பாவின் முதுகு, யார் யாருடைய தோள்களோ. தோள்களுக்கு நடுவே பெட்டியின் கால் பக்கம் தெரிந்தது. தங்கச்சி ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள்.

"இந்தச் சின்னத் திரையில என்னடா தெரியப்போகுது?" என்றான் வாத்தியார். "பெத்த அம்மா முகம்டா. டிவியில போட்டுப் பார்க்கலாம். நாங்களும் ஒரு கும்பிடு போட்டுக்கறோம்."

பெயின்டருக்கு வேண்டாம் என்று சொல்லத் தோன்றியது. ஆனால் மூன்று பேரும் அவனுக்காகச் சம்பளத்தை விட்டுவிட்டு வந்து நிற்கிறார்கள். பின்னால் நின்றபடி கழுத்தை ஒடித்து ஒடித்து எட்டிப் பார்க்கிறார்கள். "சரி, சீக்கிரம்," என்றான்.

எலக்ட்ரீசியன் ஏற்கெனவே கேபிளைக் கையில் வைத்திருந்தான். சொருகினான். வழக்கம்போல விண்டோஸ் பட்டனோடு பி-யைத் தட்டினான். ஓரத்தில் நாலு கட்டம் வந்தது. கடைசிக் கட்டத்தை அமுக்கினான். அந்தக் கட்டம், படத்தை டிவிக்கு அனுப்பிவிட்டு லேப்டாப் திரையை அணைத்துவிடும். லேப்டாப் சூடாகிப் படுத்துவிடுகிறது என்று அவன்தான் இந்தப் பழக்கத்தை ஏற்படுத்தியிருந்தான். எத்தனையோ மேட்ச் அப்படித்தான் பார்த்திருக்கிறார்கள்.

லேப்டாப் இருண்டது. டிவி ஒருமுறை கண் சிமிட்டியது. அப்புறம் நீலமாகி, நடுவில் 'சிக்னல் இல்லை' என்று எழுதிக்கொண்டது.

"வரும், வரும்," என்றான் எலக்ட்ரீசியன்.

வரவில்லை.

"போன வாரம் மேட்ச்ல நீ குதிச்ச குதியில கேபிள்ல கால் தட்டிச்சே, அப்பவே நெனச்சேன்," என்றார் ஸ்டோர் அண்ணன்.

"இப்ப அந்தக் கதை எதுக்குண்ணே?" எலக்ட்ரீசியன் குனிந்து பார்த்தான். "ஆமா, லேப்டாப் பக்கம் ஓட்டை லூஸாயிருக்கு. இருங்க." சொருகிய இடத்தைக் கட்டைவிரலால் மேல்பக்கமாக அழுத்திப் பிடித்தான். டிவியில் படம் பளிச்சென்று வந்தது.

வந்தது அம்மா இல்லை. ஒரு சுவர், ஜன்னலின் ஒரு ஓரம். யாரோ தங்கச்சியை இடித்திருக்க வேண்டும், ஃபோன் சாய்ந்திருந்தது. அது நிமிரத் தொடங்கும்போதே மறுபடி நீலம்.

"கைய ஆட்டாதடா! அப்படியே புடி!"

"ஆட்டலைய்யா, அப்படியேதான் புடிச்சிருக்கேன்."

"ரிமோட் எங்க? சோர்ஸ மாத்திப் பாரு."

வாத்தியார் ரிமோட்டை அமுக்கினான். அது அசையவில்லை. பின்மூடியைத் திறந்து பேட்டரியை உருட்டி, உள்ளங்கையில் தட்டி, கடைசியில் சுவர்க் கடிகாரத்திலிருந்து ஒன்றைப் பிடுங்கிப் போட்டான். ஒன்றாவது சோர்ஸில் சிக்னல் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் எறும்பு ஊர்வதுபோல் புள்ளிகள். மறுபடி ஒன்று.

பெயின்டர் தரையில் உட்கார்ந்து இருண்ட லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அதில் அவனுடைய முகம்தான் தெரிந்தது. சத்தமும் டிவிக்குப் போய்விட்டதால் அங்கே அழுகிறார்களா, அமைதியாக இருக்கிறார்களா என்றுகூடத் தெரியவில்லை. ஆனால் லேப்டாப்பின் ஓரத்தில் சின்ன விளக்கு எரிந்தது. கால் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. தங்கச்சி அம்மாவின் முகத்துக்கு நேராகக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணிடலாமா?" என்றார் ஸ்டோர் அண்ணன்.

"அய்யய்யோ, கால் போயிடும்ணே! இது எந்திரிச்சு வர்றதுக்குள்ள அங்க எல்லாம் முடிஞ்சிடும்."

பெயின்டர் சட்டைப் பையிலிருந்து பட்டன் ஃபோனை எடுத்தான். "நான் தங்கச்சிக்கு அடிக்கறேன். கொஞ்சம் நிறுத்தி வைக்கச் சொல்றேன்."

வாத்தியார் பாய்ந்து அவன் கையைப் பிடித்தான். "டேய், அதே ஃபோன்லதானடா அது காட்டிக்கிட்டு இருக்கு. நீ அடிச்சா இந்தக் கால் கட்டாயிடும்டா."

"அப்பா நம்பருக்கு?"

"அப்பா அந்த நேரத்துல ஃபோனையா வச்சிக்கிட்டிருப்பாரு?"

இருந்தாலும் அடித்தான். அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

அப்புறம் மூன்று பேரும் தங்களுக்குத் தெரிந்த வித்தையையெல்லாம் இறக்கினார்கள். டிவிக்குப் பின்னால் இருந்த முனையைக் கழற்றி, ஊதி, சட்டையில் துடைத்து, திரும்பச் சொருகினார்கள். டிவியை மட்டும் அணைத்துப் போட்டார்கள். பக்கத்து அறைக்கு ஓடிப்போய் ஸ்டோர் அண்ணன் வேறொரு கேபிள் வாங்கி வந்தார். அதன் முனை வேறு அளவு, ஓட்டையில் நுழையவில்லை. கதவருகே நின்று வேடிக்கை பார்த்தவர்களை வாத்தியார் திட்டி விரட்டினான். இத்தனை அமளியிலும் எலக்ட்ரீசியன் மட்டும் இடத்தை விட்டு நகரவில்லை. லேப்டாப் பக்கம் முழங்காலிட்டு, கட்டைவிரல் வெளுத்துப்போகும்வரை அந்த முனையை அழுத்திக்கொண்டே இருந்தான். அதை விட்டால் எல்லாம் போய்விடும் என்று நம்பினான். எல்லோரும் நம்பினார்கள்.

"விட்டுடாதடா."

"உயிரே போனாலும் விடமாட்டேன்."

நெற்றி வியர்வை மூக்கு நுனிக்கு வந்து சொட்டியது. துடைக்கக்கூட அவன் கையை எடுக்கவில்லை. ஸ்டோர் அண்ணன்தான் துண்டால் துடைத்துவிட்டார்.

எவ்வளவு நேரம் அப்படி ஓடியதோ, கடிகாரம் பேட்டரி இல்லாமல் நின்றுவிட்டிருந்தது. எலக்ட்ரீசியனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. "அம்மா!" என்று அலறிப் பின்னால் சரிந்தான். கேபிள் அவன் கையோடு கழன்று வந்துவிட்டது.

லேப்டாப் பளிச்சென்று எரிந்தது.

படமும் சத்தமும் ஒரே நேரத்தில் வந்தன. யாருக்கும் எதுவும் புரியாத ஒரு கணம். அப்புறம் ஒவ்வொருவராகப் புரிந்துகொண்டார்கள். கேபிள் இருந்தவரைக்கும் லேப்டாப் படத்தை அந்தப் பக்கமே தள்ளிக்கொண்டிருந்தது. பிடுங்கியிருந்தால் போதும். முதல் நிமிஷத்திலேயே யாராவது சலித்துப்போய்க் கையை எடுத்திருந்தால் படம் இங்கேயே வந்திருக்கும்.

திரையில் முன்னறை தெரிந்தது. நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பெட்டி இருந்த இடத்தில் இரண்டு பெஞ்சுகள் மட்டும் கிடந்தன. வெளியே ஒரு வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

ஃபோன் திரும்பியது. தங்கச்சி.

"அண்ணே? இருக்கியா?"

"இருக்கேம்மா."

"கிளம்பிட்டாங்கண்ணே." அவளுக்குக் குரல் கட்டியிருந்தது. "ரொம்ப நேரம் மூடாம வச்சிருந்தாங்க. 'பையன் பாத்துக்கிட்டிருக்கான், கொஞ்சம் பொறுங்க'ன்னு அப்பாதான் எல்லாரையும் நிறுத்தி வச்சாரு. எனக்குக் கை மரத்தே போச்சு. அசைக்கவே இல்ல. நல்லாப் பாத்தியா?"

எலக்ட்ரீசியன் தரையில் கால் நீட்டியபடியே தலையைக் குனிந்துகொண்டான். கேபிள் இன்னும் அவன் கையில்தான் இருந்தது. வாத்தியார் சுவர்ப்பக்கம் திரும்பினான்.

"பாத்தேன்," என்றான் பெயின்டர்.

"முகம் தெளிவா தெரிஞ்சுதா?"

"தெளிவா தெரிஞ்சுது."

"சிரிக்கற மாதிரி இருந்துச்சுல்ல? பெரியம்மா இல்லங்கறாங்க. எனக்கு அப்படித்தான் இருந்துச்சு. நீ சொல்லு."

அவன் எலக்ட்ரீசியன் கையிலிருந்த கேபிளைப் பார்த்தான்.

"ஆமாம்மா. சிரிக்கற மாதிரிதான் இருந்துச்சு."

"நான் சொன்னேன்ல!" என்று அவள் உடைந்து அழுதாள். அழுகைக்கு நடுவே, "நீ ஒருத்தனாவது சொன்னியே," என்றாள். யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். சாயங்காலம் பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

எலக்ட்ரீசியன்தான் முதலில் வாயைத் திறந்தான். "டேய்... நான் விட்டுடக் கூடாதுன்னுதான்டா..."

"தெரியும்டா," என்றான் பெயின்டர். "காலை நீவி விடு, சரியாயிடும்."

லேப்டாப்பை மூடினான். அவனுக்குக் கேட்க எவ்வளவோ இருந்தது. கண் முழுசாக மூடியிருந்ததா, முடி இன்னும் கொட்டியிருந்ததா, கன்னம் ஒட்டிப்போயிருந்ததா, கடைசியில் என்ன போர்த்தியிருந்தார்கள். சாயங்காலம் தங்கச்சி கூப்பிடுவாள். நாளைக்கும் கூப்பிடுவாள். எந்த நாளும் அவளிடம் அதையெல்லாம் கேட்க முடியாது. பார்த்தவன் எப்படிக் கேட்பான்?